ஒவ்வொரு காய்க்கும் ஒரு பக்குவம்

தியானப் பகுதி: ஏசாயா 28:23-29, லூக்கா 10:38-42, யோவான் 12:1-2



கடந்த ஞாயிறு மாலை நடைபெற்ற அறுப்பின் பண்டிகை விருந்தில் நீங்கள் எனக்காகக் கை தட்டினீர்கள். மேசையின் நடுவில் வைக்கப்பட்டிருந்த அந்த உயரமான காய்கறிப் பையை, "இதை நம்முடைய பாஸ்டரே செய்தாராம்" என்று யாரோ சொன்னவுடன், கூடம் முழுவதும் ஆரவாரம் எழுந்தது. சிலர் எழுந்து நின்றீர்கள். ஆங்கிலச் சபையைச் சேர்ந்த மூத்த சகோதரர் ஒருவர் என் தோளில் தட்டிக்கொடுத்தார். நானும் புன்னகையோடு தலைதாழ்த்தி அதை ஏற்றுக்கொண்டேன். ஆனால் அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்தக் கைதட்டல் எனக்குரியது அல்ல. அதை உரியவரிடம் சேர்ப்பதற்காகவே இந்த வாரத் தியானத்தை எழுதுகிறேன். இதில் என்னைக் குறித்து நான் சொல்லப்போகிற சில காரியங்கள் சொல்வதற்கு எளிதானவை அல்ல. பொறுமையோடு வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நாம் இந்நாட்டில் ஆராதனைக்காகப் பயன்படுத்துகிற ஆலயம் ஆங்கிலச் சபையாருக்குச் சொந்தமானது. ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தில் இரு சபையாரும் சேர்ந்து அறுப்பின் பண்டிகையை ஆசரிக்கிறோம். இங்கிலாந்தில் இப்பண்டிகை இன்றைய வடிவத்தைப் பெற்றது 1843-ஆம் ஆண்டில் என்பர். கார்ன்வால் பகுதியிலுள்ள மார்வென்ஸ்டோ என்னும் ஊரின் குருவாகிய ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர், அறுவடைக்காக ஒரு விசேஷ ஸ்தோத்திர ஆராதனைக்குத் தம் சபையாரை அழைத்தார். அந்த வழக்கம் நாடெங்கும் பரவியது. நம்மில் பலருக்கோ அறுப்பின் பண்டிகை என்றவுடன் திருநெல்வேலிச் சீமையின் அசன விருந்தும், ஏலம் விடப்படும் வாழைத்தாரும் பூசணிக்காயும்தாம் நினைவுக்கு வரும். இரண்டும் இங்கே ஒரே கூடத்தில் சந்திக்கின்றன. ஒரு மேசையில் நம்முடைய சோறும் குழம்பும், மறு மேசையில் அவர்களுடைய ரொட்டியும் பால்கட்டியும் இருக்கும். இரு சபையாரும் விரும்பி உண்ணும் பண்டமாக நடுவில் என் மனைவி செய்யும் காய்கறிப் பை இருக்கும்.

'பை' என்பது ஆங்கிலச் சொல். ஆயினும் தமிழ்ப் பொருளும் அதற்குப் பொருந்தாமல் இல்லை. மாவினால் ஆன ஒரு பைக்குள் கோடைக்காலக் காய்களையும் பால்கட்டியையும் அடுக்கடுக்காக நிரப்பி, மேலே மாவினாலேயே மூடி, ஓவனில் வேகவைப்பதே அது. கத்தரிக்காய், கோர்ஜெட், சிவப்புக் குடைமிளகாய், பசலைக்கீரை, தக்காளி என ஒவ்வொன்றும் தனித்தனி அடுக்காக இருக்கும். வெட்டியவுடன் பல வண்ணக் கோடுகள் தெரியும். நாங்கள் இந்நாட்டிற்கு வந்த இரண்டாம் கோடையில், பக்கத்து வீட்டு விதவைத் தாயார் ஒருவர் இதை என் மனைவிக்குக் கற்றுக்கொடுத்தார். நகராட்சி வாடகைக்கு விடும் தோட்டத்துண்டு ஒன்று அவருக்கு இருந்தது. ஆகஸ்டு மாதத்தில் கோர்ஜெட் செடி எப்படிக் காய்க்கும் என்பதைத் தோட்டம் வைத்திருப்போர் அறிவார்கள். நான்கு நாள் பறிக்காமல் விட்டால் விரல் நீளக் காய் முழங்கை நீளம் ஆகிவிடும். அந்தத் தாயார் கூடை கூடையாகக் கொண்டுவந்து தருவார். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணும், கணவரை இழந்த ஓர் ஆங்கிலேயப் பெண்ணும், இருவருக்கும் பாதி மட்டுமே புரிந்த ஒரு மொழியில், மாவு பிசைந்துகொண்டே நண்பர்களானார்கள். அவர் ஆண்டவருக்குள் நித்திரையடைந்து ஆண்டுகள் பல ஆகின்றன. அவருடைய நினைவாக என் மனைவி ஒவ்வொரு பண்டிகைக்கும் அந்தப் பையைச் செய்து வந்தாள்.

இந்த ஆண்டு அவளால் இயலவில்லை. முடக்கு வாதம் அவளுடைய விரல் மூட்டுகளையும் மணிக்கட்டுகளையும் பாதித்திருக்கிறது என்பதை உங்களில் சிலர் அறிவீர்கள். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பு ஆற்றலே மூட்டுகளைத் தாக்கும் நோய் அது. காலையில் எழும்போது விரல்கள் மரக்கட்டைகளைப்போல இறுகியிருக்கும். மாத்திரைகள் உதவுகின்றன. ஆனால் பூரிக்கட்டையை அழுத்தி உருட்டும் பலம் இப்போது அந்தக் கைகளில் இல்லை.

"இந்த வருஷம் வேறு யாராவது ஏதாவது செய்துகொள்ளட்டும்" என்று அவள் சொன்னபோது நான் உற்சாகமாகக் குறுக்கிட்டேன். "ஒரு பைதானே, நான் செய்கிறேன்" என்றேன். பிரியமானவர்களே, 'தானே' என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். என் பாவம் அந்தச் சொல்லில் இருந்தது.

பண்டிகைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை ஒத்திகை பார்த்தேன். அவள் எழுதிவைத்த தாளில் இருந்தவற்றில் பாதியை அவசியமற்றவை என்று நானே தீர்மானித்தேன். பிசைந்த மாவைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் வைக்கச் சொல்லியிருந்தாள். நான் உடனே தேய்த்தேன். தக்காளியை அரிந்து உப்பிட்டு நீர் வடிக்கச் சொல்லியிருந்தாள். நான் அப்படியே அடுக்கினேன். கத்தரிக்காயையும் கோர்ஜெட்டையும் தனித்தனியாக ஓவனில் வாட்டச் சொல்லியிருந்தாள்; எல்லாம் ஓவனுக்குள்தானே போகப்போகிறது, ஒன்றாகவே வேகட்டும் என்று பச்சையாகவே போட்டேன். ஒரு மணி நேரம் கழித்து வெளியே எடுத்தேன். மேல்மூடி பொன்னிறமாக, மிக அழகாக இருந்தது. சூடாகவே கத்தியை வைத்தேன். உள்ளிருந்து தண்ணீர் பெருகிவந்தது. அடிமாவு வேகாமல் கூழாக இருந்தது. பக்கச் சுவர்கள் சுருங்கி இறங்கியிருந்தன. அடுக்குகள் சரிந்து ஒன்றோடொன்று கலந்து, தட்டில் ஒரு குளம் நின்றது.

அப்போது நான் செய்தது என்ன தெரியுமா? அடுத்த அறையில் இருந்தவளை அழைத்து, "நீ எழுதிக்கொடுத்த அளவு சரியில்லை" என்று சொன்னேன். சற்றுக் குரலை உயர்த்தியே சொன்னேன்.

அவள் வந்து பார்த்தாள். எதையும் மறுத்துப் பேசவில்லை. கரண்டியால் ஒரு துண்டு தக்காளியை எடுத்துப் பார்த்தாள். "உப்புப் போட்டு வடித்தீர்களா?" என்று மட்டும் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அவள் நாற்காலியில் அமர்ந்தாள். நெடுநேரம் கழித்து, தன் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"போன வருஷமே முடியவில்லைங்க. ஓரத்தை விரலால் அமுக்கி மடிக்கும்போது உயிர் போனது. நீங்கள் மேலே பிரசங்கம் ஆயத்தம் பண்ணிக்கொண்டிருந்தீர்கள். உங்களைக் கூப்பிட மனம் வரவில்லை. செய்து முடித்துவிட்டு இதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். மறுநாள் எல்லாருக்கும் வெட்டிக் கொடுத்தேன்."

கடந்த ஆண்டு அறுப்பின் பண்டிகையில் நான் என்ன பிரசங்கித்தேன் என்பதைக் குறிப்பேட்டில் தேடிப் பார்த்தேன். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பதைக் குறித்து, கலாத்தியர் 6-ஆம் அதிகாரத்திலிருந்து பிரசங்கித்திருக்கிறேன். நான் அந்தப் பிரசங்கத்தை எழுதிய அறைக்கு நேர் கீழே சமையலறை இருக்கிறது.

அதன்பின் அவள் இன்னொன்றும் சொன்னாள். அதுதான் என்னை மிகவும் உடைத்தது. "இனிமேல் இந்தக் கைகளால் யாருக்கு என்ன பிரயோஜனம்? சபைக்கு வந்தால் சும்மா உட்கார்ந்திருக்கவேண்டியதுதான்." ஆயிரம் பேருக்கு ஆறுதல் சொல்லியிருக்கிற எனக்கு அந்த இரவு ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. ஒரு பதிலைச் சொல்வதற்கு முன் நான் மன்னிப்புக் கேட்கவேண்டியிருந்தது. கேட்டேன்.

அடுத்த நாள் காலை என் வழக்கமான வேதவாசிப்பில் ஏசாயா 28-ஆம் அதிகாரத்தை வாசித்தேன். அதன் கடைசிப் பகுதியில் தீர்க்கதரிசி ஓர் உழவனைக் காண்பிக்கிறார். அந்த உழவன் எல்லாத் தானியத்தையும் ஒரே விதமாக நடத்துவதில்லை. சீரகத்தின்மேல் அவன் வண்டிச் சக்கரத்தை உருட்டுவதில்லை. சிறு கோலால் தட்டி எடுக்கிறான். அப்பத்துக்கான தானியத்தையும் ஓயாமல் மிதித்து நொறுக்குவதில்லை. எதை எவ்வளவு அடிக்கவேண்டும், எப்போது நிறுத்தவேண்டும் என்பதை அறிந்திருக்கிறான். இந்தப் பகுதியைத் தேவனுடைய சிட்சையைக் குறித்த உவமையாக நான் பலமுறை விளக்கியிருக்கிறேன். அது சரியான விளக்கமே. ஆனால் அன்று காலை, இருபத்தாறாம் வசனமும் இருபத்தொன்பதாம் வசனமும் நேரடியாகச் சொல்வதை முதல் முறையாகக் கண்டேன். அந்த உழவனுக்கு இந்தப் பக்குவத்தைக் கற்றுக்கொடுத்தவர் தேவன். களத்து மேட்டில் இருக்கிற அறிவும் சேனைகளின் கர்த்தரிடத்திலிருந்து வருகிறது. அப்படியானால் தக்காளிக்கு உப்பிட்டு வடிக்கவேண்டும் என்கிற அறிவு யாரிடத்திலிருந்து வந்தது? என் மனைவி எழுதிக்கொடுத்த தாளை நான் அவமதித்தபோது, நான் யாருடைய பாடத்தை அவமதித்தேன்?

வெள்ளிக்கிழமை மாலை மறுபடியும் தொடங்கினேன். இம்முறை அவள் நாற்காலியைச் சமையல் மேசையருகே போட்டு அமர்ந்துகொண்டாள். அவள் சொல்வதை மட்டும் செய்வது, குறுக்கே பேசுவதில்லை என்று எனக்குள் பொருத்தனை பண்ணிக்கொண்டேன். செய்முறையைப் பலர் கேட்டிருப்பதால் இங்கே விவரமாகவே எழுதுகிறேன்.

நானூறு கிராம் மைதா மாவில் ஒரு சிறு கரண்டி உப்பைக் கலந்து, குளிர்ந்த வெண்ணெய் இருநூறு கிராமைச் சிறு சதுரங்களாக வெட்டிப் போட்டேன். விரல் நுனிகளால் மட்டுமே உதிர்க்கவேண்டும். உள்ளங்கை சூடானது, அது வெண்ணெயை உருக்கிவிடும். வெண்ணெய் மாவைச் சூழ்ந்துகொள்வதால்தான் தண்ணீர் சேரும்போது அது சப்பாத்தி மாவைப்போல இழுபடும் தன்மை அடையாமல், பிற்பாடு வாயில் உதிர்கிறது. ரொட்டித்தூளைப்போல ஆனபின், ஒரு முட்டையின் மஞ்சள் கருவும், ஐஸ் தண்ணீர் ஐந்தாறு மேசைக்கரண்டியும் விட்டுச் சேர்த்தேன். நான் வழக்கம்போலப் பிசையத் தொடங்கினேன். "போதும், விடுங்கள். இது சப்பாத்தி இல்லை. சேர்ந்தால் போதும்" என்றாள். நான் ஏதோ யோசனையில் ஆழ்ந்திருப்பதைக் கண்டு, "மாவில் கை வைத்துக்கொண்டு பிரசங்கம் ஆயத்தம் பண்ணாதீர்கள், வெண்ணெய் உருகுகிறது" என்றாள். அந்த வாரத்தில் நாங்கள் இருவரும் சிரித்தது அப்போதுதான்.

மாவை இரண்டு பங்காகப் பிரித்து, பெரியதை அடிக்கும் சிறியதை மூடிக்கும் என்று தட்டையாக்கிச் சுற்றி, இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தோம். இது வீணான காத்திருப்பு அன்று. கை பட்டதால் மாவுக்குள் ஏற்பட்ட இறுக்கம் ஓய்வில்தான் தளருகிறது. ஓய்வில்லாத மாவு ஓவனின் சூட்டில் சுருங்கி விழும். செவ்வாய்க்கிழமை என் பையின் சுவர் இறங்கியதற்குக் காரணம் அதுவே.

சனிக்கிழமை காலை முழுவதும் காய்களுக்கே சென்றது. இரண்டு கத்தரிக்காயையும் மூன்று கோர்ஜெட்டையும் விரல் கனத்தில் பாதியளவாக நீளவாக்கில் அரிந்து, எண்ணெய் தடவி, 200 டிகிரி சூட்டில் தனித்தனித் தட்டுகளில் வாட்டினேன். கோர்ஜெட் முந்திக்கொண்டது, கத்தரிக்காய் அரை மணி நேரம் வரை எடுத்துக்கொண்டது. மூன்று குடைமிளகாய்களைத் தோல் கருகும்வரை சுட்டு, பாத்திரத்தில் மூடி வைத்தேன். தன் ஆவியிலேயே புழுங்கியபின் தோல் தானாகக் கழன்றது. பசலைக்கீரை இரண்டே நிமிடத்தில் வதங்கியது. ஆனால் அதைத் துணியில் கட்டிப் பிழிய என் முழுப் பலமும் தேவைப்பட்டது. இந்த வேலையை இவள் கடந்த ஆண்டு அந்தக் கைகளால் எப்படிச் செய்தாள் என்று எண்ணி நின்றேன். தக்காளியை வட்டமாக அரிந்து உப்புத் தூவி அரை மணி நேரம் விட்டேன். செவ்வாயன்று என் தட்டில் நின்ற குளம் எங்கிருந்து வந்தது என்பது அந்த வடிகட்டியின் அடியில் தெரிந்தது. வெங்காயத்தையோ இளம் சூட்டில் இருபது நிமிடத்திற்குமேல் பொறுமையாக வதக்கவேண்டியிருந்தது.

ஆறு காய்கள், ஆறு பக்குவங்கள். ஒன்றுக்குத் தீ, ஒன்றுக்கு உப்பு, ஒன்றுக்கு இறுக்கிப் பிழிதல், ஒன்றுக்கு நெடுநேரக் காத்திருப்பு. அனைத்தையும் ஒன்றாகக் கொட்டினால் அனைத்தும் கெடும். ஏசாயாவின் உழவன் என் சமையலறையில் நாற்காலியில் அமர்ந்திருந்தான் என்றே எனக்குத் தோன்றியது.

அடுக்குவதற்கு, பக்க வளையம் கழலும் 23 சென்டிமீட்டர் கேக் டின்னைப் பயன்படுத்தினோம். தேய்த்த மாவை உள்ளே விரித்து, அடியில் ரொட்டித்தூள் தூவினோம். மீதி ஈரத்தை அது குடித்துக்கொள்ளும். பின்பு கத்தரிக்காய், துருவிய செடார் பால்கட்டி, கீரை, உதிர்த்த ஃபெட்டா பால்கட்டி, குடைமிளகாய், வெங்காயம், கோர்ஜெட், தக்காளி என்று ஒவ்வோர் அடுக்கையும் கையால் மெல்ல அழுத்தி நிரப்பினேன். இரண்டு பால்கட்டிகளும் சேர்ந்து நானூறு கிராம் இருக்கும். அவற்றிலேயே உப்பு உண்டு. வேறு உப்பு வேண்டாம். இரண்டு முட்டைகளை அடித்து மேலே ஊற்றி, மூடியை வைத்தேன். ஓரத்தை மடித்து அமுக்கும் இடம் வந்தபோது நான் அவளைப் பார்த்தேன். அவள் எழுந்துவந்து, தன் ஆள்காட்டி விரலை என் விரலின்மேல் வைத்து, எப்படி அழுத்தவேண்டும் என்று காண்பித்தாள். நடுவில் ஆவி போக ஒரு துளை இட்டு, முட்டை பூசி, சூடான தட்டின்மேல் வைத்து, 200 டிகிரியில் இருபது நிமிடமும் 180 டிகிரியில் நாற்பத்தைந்து நிமிடமும் வேகவைத்தோம். வெளியே எடுத்தபின் குறைந்தது ஒரு மணி நேரம் கத்தி படக்கூடாது என்பது அவளுடைய கட்டளை. நாங்கள் மறுநாள்வரை வைத்திருந்தோம்.

அந்தக் காத்திருப்பில், நான் பல ஆண்டுகளாகப் பிரசங்கித்த ஒரு பகுதிக்குத் திரும்பிச் சென்றேன். அது மார்த்தாள் மரியாளின் பகுதி. மரியாள் நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள் என்பது ஆண்டவருடைய தீர்ப்பு, அதில் மாற்றமில்லை. ஆனால் மார்த்தாளின் முறையீட்டில், தான் தனியே விடப்பட்டாள் என்கிற வேதனை இருக்கிறது. நான் அவளுடைய கவலையைக் கண்டித்துப் பேசியிருக்கிறேன். அவளுடைய தனிமையை ஒருமுறையும் பேசியதில்லை. ஆண்டவர் கடிந்துகொண்டது அவள் கலங்கியதை, பரிமாறியதை அன்று. யோவான் 12-ஆம் அதிகாரத்தில், பஸ்காவுக்கு ஆறு நாளுக்கு முன் பெத்தானியாவில் நடந்த விருந்திலும் மார்த்தாள் பணிவிடை செய்கிறாள். அங்கே அவளுக்கு எந்தக் கண்டனமும் இல்லை.

அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரமும் என்னை விசாரித்தது. பந்திவிசாரணைக்காக வசன ஊழியத்தை விடுவது தகாது என்று அப்போஸ்தலர் சொன்னதை நாங்கள் போதகர்கள் விரும்பி எடுத்துச் சொல்வோம். இறையியல் கல்லூரியில் கிரேக்க மொழி கற்ற நாளிலிருந்தே நான் அறிந்திருந்த ஒன்று உண்டு. பந்திவிசாரணைக்கும் வசன ஊழியத்துக்கும் லூக்கா பயன்படுத்துவது 'தியாகோனியா' என்னும் ஒரே சொல்லின் வடிவங்களையே. நம் தமிழ் வேதாகமத்தில் ஒன்று 'விசாரணை' என்றும் மற்றொன்று 'ஊழியம்' என்றும் வருவதால் அந்த ஒற்றுமை வெளியே தெரிவதில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும், மேலறையில் நடந்ததை மட்டும் ஊழியம் என்று அழைத்து, கீழறையில் நடந்ததை ஒத்தாசை என்று அழைத்தேன். ஆண்டு விழாக்களில், 'உணவு ஆயத்தம் செய்த சகோதரிகளுக்கு நன்றி' என்கிற ஒரே வாக்கியத்தோடு முடித்துக்கொண்டேன்.

மம்ரேயின் சமபூமியில் ஆபிரகாம் மூன்று விருந்தினரை உபசரித்ததைப் பெரிதாகப் பேசுகிறோம். கூடாரத்துக்குள் ஓடிச்சென்று, மூன்று படி மாவைச் சீக்கிரமாய்ப் பிசையும்படி அவர் சொன்னது சாராளிடத்தில். எபிரெய அளவில் அது இருபது லிட்டருக்கும் மேற்பட்ட மாவு. முதிர்வயதான அந்தத் தாயின் மணிக்கட்டை நான் இதுவரை நினைத்ததே இல்லை.

என் சிறுவயதில், எங்கள் ஊர் அசனத்தில் பெரிய அண்டாக்களைச் சூழ்ந்து நின்று சமைத்தவர்கள் ஆண்களே. ஊருக்கே சோறு பொங்குவார்கள். அதே ஆண்களுக்கு வீட்டில் உப்பு எங்கே இருக்கிறதென்று தெரியாது. ஆண்டுக்கு ஒருநாள் செய்தால் அது பரிசுத்த ஊழியம். அனுதினமும் செய்தால் அது கண்ணுக்குத் தெரியாத வேலை. இதை யாரைக் குறித்தும் குற்றமாகச் சொல்லவில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் வளர்ந்தவன்.

ஞாயிறு மாலை பையை வெட்டினோம். அடுக்குகள் நின்றன. நீங்கள் கை தட்டினீர்கள். பதினெட்டு ஆண்டுகளாக அவள் செய்து வைத்தபோது ஒருமுறையும் எழாத கைதட்டல், நான் ஒருமுறை, அதுவும் அவள் சொல்லச் சொல்லச் செய்ததற்கு எழுந்தது. உங்களைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. முதலில் எழுந்து நின்று, "இது என் மனைவியின் கைவேலை, என் விரல்களை மட்டும் கடன் வாங்கினாள்" என்று நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அவள் எழுப்பிய கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். இந்தக் கைகளால் இனி யாருக்குப் பிரயோஜனம் என்று கேட்டாள். சுகமளிக்கும்படி தினமும் ஜெபிக்கிறோம், நீங்களும் ஜெபியுங்கள். ஆனால் எங்கள் பதில் சுகத்தை மட்டும் சார்ந்திருக்கவில்லை. உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியா கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனையும் அப்பத்தையும் ஆயத்தம் செய்து, இரவெல்லாம் உழைத்துக் களைத்த சீஷர்களைச் சாப்பிட அழைத்தார் என்று யோவான் 21-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மரணத்தை வென்றவர் செய்த காரியங்களில் சமையலும் ஒன்று. அந்த உணவை ஆயத்தம் செய்தவை காயப்பட்ட கைகள். பிரயோஜனத்தைக் கொண்டு அவர் தம்முடையவர்களை மதிப்பிடுவதில்லை. அந்தக் கரையில் சீஷர்களை அவர், வந்து, பெற்றுக்கொள்ளும்படி அழைத்தார். ஒருகாலத்தில் பரிமாறிய கைகள் இப்போது பெற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்கின்றன. பெற்றுக்கொண்டே இருந்த கைகள் இப்போது பரிமாறக் கற்றுக்கொள்கின்றன. இரண்டுமே கடினமான பாடங்கள். எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே மேசையில் நடக்கின்றன.

விருந்து முடிந்தபின் நம் வாலிபப் பெண்கள் இருவரும் ஒரு வாலிபத் தம்பியும் அவளிடம் வந்து, அடுத்த முறை தங்களுக்குக் கற்றுக்கொடுக்கும்படி கேட்டார்கள். "பாஸ்டருக்கே கற்றுக்கொடுத்துவிட்டேன், உங்களுக்கு என்ன கஷ்டம்" என்றாள். வரும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுச் சமையலறை நிறையும். நாற்காலி அதே இடத்தில் இருக்கும்.

பிரியமானவர்களே, இந்த வாரம் உங்களிடம் ஒரு காரியத்தைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மேசைக்கு வருகிற உணவை ஆயத்தம் செய்கிறவரிடம், அது தாயோ, மனைவியோ, கணவரோ, மகளோ, "உனக்கு எங்கே வலிக்கிறது?" என்று கேளுங்கள். கேட்டபின் பதில் வரும்வரை காத்திருங்கள். உடனே வராது. எனக்கு ஓர் ஆண்டு தாமதமாகத்தான் வந்தது, அதுவும் நான் கேட்காமலே. வலியை மறைத்துக்கொண்டு பரிமாறுகிற சகோதரிகளே, சகோதரர்களே, மேலறையில் இருக்கிறவரைக் கூப்பிடுங்கள். அவர் ஆயத்தம் செய்துகொண்டிருப்பது பிரசங்கமாக இருந்தாலும் சரி, கூப்பிடுங்கள்.

ஜெபம்: எங்கள் அன்பின் பரம பிதாவே, களத்து மேட்டிலும் சமையலறையிலும் உம்முடைய ஞானத்தை வைத்திருக்கிறவரே, உம்மை ஸ்தோத்திரிக்கிறோம். எங்களுக்காக உழைத்த கைகளைக் காணாமற்போன எங்கள் கண்களை மன்னியும். வலியுள்ள கைகளை உம்முடைய காயப்பட்ட கரத்தால் தொடும். ஒருவரையொருவர் அவரவருக்கேற்ற பக்குவத்தோடு நடத்த எங்களுக்குக் கற்றுத்தாரும். எங்கள் பந்திகளில் நீரே வந்து அமரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய கிருபையும் சமாதானமும் உங்கள் இல்லங்களில் தங்கியிருப்பதாக.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்